குறுக்கப்பட்ட பழைய லாரிகளை இனங்காணும் முறை

ஒரு யந்திரத்தின் தோற்றத்தை மட்டும் கொண்டு அதன் பூர்வீகத்தை நிர்ணயித்தல் எளிதன்று. அமெரிக்க நாட்டுப் பண்ணைகளில் இன்றும் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் குட்டை லாரிகள் இதற்குத் தக்க சான்றாகும். முகப்பு ஒரு வண்டியினுடையது, பின்னச்சு வேறொன்றினுடையது, நடுவே சில அடி நீளத்தைக் காணோம். பழைய யந்திரங்களை வாங்க எண்ணும் விவசாயிகளுக்கு இவற்றைப் பரிசோதிக்கும் முறை பெரிதும் பயன்படும்.

தோன்றிய காரணம்

1930-ஐ அடுத்த ஆண்டுகளில் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. புது டிராக்டர் வாங்க வழியற்ற குடியானவர்கள், பழைய போர்டு கார்களையும் லாரிகளையும் அறுத்துக் குறுக்கி, கலப்பை இழுக்கப் பழக்கினர். ஸியர்ஸ் ரோபக் போன்ற கம்பெனிகள் இதற்கு வேண்டிய உறுப்புகளைத் தபால் மூலம் விற்றன. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலைகள் ராணுவத் தளவாட உற்பத்தியில் இறங்கவே, இவ்வழக்கம் மேலும் பரவியது. இவ்வண்டிக்கு ‘டூடில்பக்’ என்று பெயர். நம் பிள்ளைகள் மணலில் தேடிப் பிடிக்கும் குழியானைக்கும் அந்நாட்டில் அதே பெயர்தான்.

சட்டமும் அச்சும்

முதலில் அளவுகோலை எடுத்தல் வேண்டும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே போர்டு ‘டி’ காரில் 100 அங்குலமும், ‘டிடி’ லாரியில் 125 அங்குலமும் உண்டு. 1928 முதல் 1931 வரை வந்த ‘ஏ’ வண்டியில் 103½ அங்குலம். அதே காலத்து ‘ஏஏ’ லாரியில் 131½ அங்குலம், அன்றி 157 அங்குலம். அளவு இவற்றில் எதனோடும் பொருந்தாவிடில் சட்டத்தில் வெட்டு இருக்கிறதா என்று தேடுக. தொழிற்சாலை ரிவெட் அடித்த இடத்தில் போல்ட்டோ பற்றவைப்போ காணப்படின், கை வைக்கப்பட்ட இடம் அதுவே.

அடுத்து, கியர் பெட்டிகளை எண்ணுக. உழவுக்கு மெதுவான நடை தேவையாதலின், பலர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகளைப் பொருத்தினர். மூன்று கியர் உள்ள பெட்டியும் நான்கு கியர் உள்ள பெட்டியும் சேர்ந்தால் முன்னோக்கிச் செல்லப் பன்னிரண்டு விகிதங்கள் கிடைக்கும். இரண்டையும் ஒருங்கே பின்னோக்கும் கியரில் இட்டால் வண்டி முன்னோக்கிச் செல்லும்! இருக்கையருகே இரண்டு கியர்த் தண்டுகள் இருப்பின் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

எண்ணும் முகப்பும்

‘ஏ’ வண்டியில் எஞ்சினின் இடப்பக்கத்தில் பொறித்த எண்ணே, சட்டத்தின் இடப்பக்கத் தண்டின் மேற்புறத்திலும் பொறிக்கப்பட்டது. இரண்டும் ஒத்திருப்பின் எஞ்சினும் சட்டமும் ஒன்றாகப் பிறந்தவை.

1947-இல் வெளிவந்த செவ்ரலே லாரிகளில் டிரைவர் அறையே ஆண்டைச் சொல்லும். கதவில் காற்றுக்கான சிறு முக்கோணக் கண்ணாடி வந்தது 1951-இல். அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1952-இல். நடுக்கோடில்லாத ஒரே முன்கண்ணாடி 1954-இல். ஆயினும் கதவைக் கழற்றி மாற்றுதல் அரைநாள் வேலை. ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. சட்டம், எஞ்சின், முகப்பு ஆகிய மூன்றும் ஒரே சாட்சி கூறல் வேண்டும்.

உயிருக்கு உள்ள அபாயம்

இஃது ஆராய்ச்சிப் பொழுதுபோக்கு மட்டுமன்று. சட்டம் குறுகக் குறுக, முன்புறத்தை நிலத்தில் அழுத்தி வைக்கும் நெம்புகோல் நீளமும் குறைகிறது. பாரத்தைப் பின்னச்சுக்கு மேலாகக் கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டி ஓட்டுபவர்மீதே கவிழக்கூடும். இணைப்புக் கொக்கி தாழ்ந்திருத்தல் இன்றியமையாதது. பற்றவைப்பில் மயிரிழை விரிசல் உண்டா என்பதையும் துருவைச் சுரண்டிப் பார்த்தல் வேண்டும்.

சங்கம் செய்யவேண்டியது

கூட்டுறவுச் சங்கமொன்று பழைய யந்திரம் வாங்குமாயின், இருப்புப் பதிவேட்டில் ‘லாரி ஒன்று’ என்று எழுதுதல் போதாது. எஞ்சின் எண், சட்டத்தின் எண், அச்சிடைத் தூரம், மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியே பதிக. உதிரி உறுப்பு வாங்குகையில் முகப்பின் பெயரை நம்பிப் பின்னச்சுக்குப் பற்சக்கரம் வாங்கினால் அங்கத்தினர் பணம் வீணாகும். விலை பேசுமுன் அளவுகோலோடு வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்ப்பவருக்கு அந்த நஷ்டம் இல்லை.