கன்னடம் தெரியாத குழந்தைக்குப் பள்ளியில் முதல் வாரம்: பாடம் நடத்தாமல் ஏன் விளையாட வைக்கிறார்கள்?

வேலை மாறி பெங்களூரு வந்தாச்சு. வீடு பார்த்து, குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பில் சீட்டும் வாங்கியாச்சு. முதல் வாரம் முடிந்து "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டால், "பந்து தூக்கிப் போட்டோம்" என்கிறது குழந்தை. 'இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் மொழி தெரியாத குழந்தைக்கு அந்தப் பந்துதான் முதல் பாடம். ஏன் என்று பார்ப்போம்.

இது யாருக்கான பிரச்னை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 21 லட்சம் பேர். 2015-ல் இயற்றப்பட்ட கன்னட மொழி கற்றல் சட்டம், 2017-18 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி படிப்படியாக அமலுக்கு வந்தது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகளும் இதற்குள் வருகின்றன. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன. எப்படியானாலும், வெளிமாநிலத்திலிருந்து வந்து சேரும் குழந்தை முதல் நாளிலிருந்தே புதிய மொழியைச் சந்தித்தாக வேண்டும்.

விளையாட்டு என்ன செய்கிறது?

பதற்றமாக இருப்பவர் காதில் மொழி விழும், மனதில் தங்காது. அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களில் இதை ஒரு வடிகட்டியோடு ஒப்பிட்டார். பயமும் கூச்சமும் கூடினால், அந்த வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. விளையாட்டில் குழந்தையின் கவனம் பந்தின் மேல் இருக்கும், தன் உச்சரிப்பின் மேல் இருக்காது. அந்த நேரத்தில் வடிகட்டி கொஞ்சம் திறக்கிறது.

புதிய மொழிக்குள் வரும் பல குழந்தைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, அந்த மொழியில் வாய் திறப்பதில்லை. கேட்டுச் சேமிக்கும் காலம் அது. இதை 'மக்கு' என்று முத்திரை குத்துவதுதான் பெரிய ஆபத்து. விளையாட்டு, பேசாத குழந்தையையும் வகுப்பில் ஓர் ஆளாக வைத்திருக்கிறது.

ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களுக்கு விளையாட்டு வழியிலான 'வித்யா பிரவேஷ்' திட்டத்தை என்சிஇஆர்டி உருவாக்கி, 2021 ஜூலையில் அது வெளியிடப்பட்டதும் இதே மாதிரியான சிந்தனையில்தான்.

என்னென்ன விளையாட்டுகள்?

செய்து காட்டு: ஆசிரியர் சொல்வார், குழந்தைகள் உடலால் பதில் தருவார்கள். பேசவே வேண்டாம். 1960-களில் உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் முன்வைத்த முறை இது. கன்னடத்தில் 'நில்லு', 'ஓடு' இரண்டும் தமிழில் உள்ளதுபோலவே. 'குணி' என்றால் நடனமாடு. முதல் இரண்டும் புரிந்த தைரியத்தில் மூன்றாவதை, பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்தே குழந்தை பிடித்துக்கொள்ளும்.

பந்து வீச்சு: வட்டமாக நின்று, பந்தை வீசுபவர் "நின்ன ஹெசரேனு?" (உன் பேர் என்ன?) என்று கேட்பார். பிடித்தவர் "நன்ன ஹெசரு..." என்று தன் பெயரைச் சொல்வார். ஒரே வாக்கியம் இருபது முறை காதில் விழுகிறது. ஆனால் மனப்பாடம் செய்வதுபோல் இருக்காது.

பெயர்ச் சங்கிலி: "நனகெ கிரிக்கெட் இஷ்ட" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் அதையும் சொல்லித் தன்னுடையதையும் சேர்ப்பார். நாற்பது பேர் வகுப்பில் இதை ஒரே வட்டமாக ஆடினால் கடைசிக் குழந்தை திணறிவிடும். ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பது நல்லது.

எழுத்து வேட்டை: கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும், வார இறுதி கன்னட வகுப்புக்குப் போகும் நமக்கும் இது பொருந்தும். தமிழில் 'ப'-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகின்றன: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பூ–ஹூவு, பத்து–ஹத்து. தெலுங்கிலும் மலையாளத்திலும் பால், புலி, பூ மூன்றுக்கும் 'ப' அப்படியே இருப்பதால், அந்தக் குழந்தைகளும் இந்த வேட்டையில் சேரலாம். இங்கே 'வீட்டு மொழி' தடையாக இல்லாமல் துப்பாக மாறுகிறது. தமிழின் 'வ' சில சொற்களில் கன்னடத்தில் 'பஸ்' என்பதில் வரும் 'ப' ஆகிறது: வா–பா, வேண்டும்–பேகு. மரியாதையாக 'வாங்க' என்பதற்கு 'பன்னி'. இதைக் கேட்டு நம்ம ஊர்க்காரர்கள் முதல் நாள் அதிர்ச்சியாவது சகஜம்தான்!

எங்கே சொதப்பும்?

எல்லா விளையாட்டும் பனியை உடைக்காது, சில மனதை உடைத்துவிடும். மொழி தெரியாத குழந்தையைத் தனியாக முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வது அதில் ஒன்று. தவறாகச் சொன்னால் 'அவுட்' என்பதும் அப்படித்தான். அதிகப் பயிற்சி தேவைப்படும் குழந்தைதானே முதலில் வெளியேறி வேடிக்கை பார்க்கும்?

கேள்விகளிலும் கவனம் தேவை. "லீவுக்கு எங்க போனீங்க?", "அப்பா என்ன வேலை?", "வீட்ல என்ன சாப்பாடு?" போன்றவை நம் ஊரில் வசதியையும் சாதியையும் வகுப்புக்குள் இழுத்து வந்துவிடும். பிடித்த நிறம், விலங்கு, விளையாட்டு போதும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பள்ளி திறக்கும் முன் மூன்று வாக்கியங்களை வீட்டில் நடித்துப் பழக்குங்கள்:

- "டாய்லெட்கெ ஹோக்பேகு" – டாய்லெட் போகணும்
- "நனகெ அர்த்த ஆகலில்ல" – எனக்குப் புரியல
- "இன்னொந்து சல ஹேளி" – இன்னொரு தடவை சொல்லுங்க

முதல் வாக்கியம்தான் மிக முக்கியம். அதைக் கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்காரும் குழந்தைக்கு எந்த விளையாட்டும் ஏறாது.

கன்னடம் வரணும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். 2020 தேசிய கல்விக் கொள்கையும், முடிந்தவரை குறைந்தபட்சம் ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது வீட்டு மொழி வழியில் கற்பிக்கவே பரிந்துரைக்கிறது. ஒரு மொழியில் வலுவாக இருப்பது அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும்.

"இன்னைக்கு கன்னடத்துல என்ன பேசின?" என்று தினமும் பரீட்சை வைக்காமல், "இன்னைக்கு யார் கூட விளையாடின?" என்று கேளுங்கள். ஒரு பெயர் பதிலாக வந்தால், பள்ளி சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். பள்ளியில் மட்டும் அமைதி என்றால் பொறுத்திருங்கள். ஆசிரியரிடம் அவ்வப்போது பேசுங்கள். வீட்டில் தமிழில் பேசுவதும் குறைந்துவிட்டால், மாதக்கணக்கில் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.