பிரிக் லேன்: வந்தவர்களும் போனவர்களும்



கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் ஃபோர்னியர் வீதியும் சந்திக்கும் மூலையில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. பாடசாலை வேலை ஒன்றுக்காகக் கடந்த விடுமுறையில் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சுவரின் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம்; அதில் 1743 என்று பொறித்திருக்கிறது.

அந்த ஆண்டில் அதைத் தேவாலயமாகக் கட்டியவர்கள் ஹியூகெனோக்கள் எனப்படும் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது கடல் கடந்து தப்பி வந்தவர்கள். அகதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லே இவர்களால்தான் வழக்கிற்கு வந்தது. பட்டு நெசவுதான் இவர்களின் சீவியம். தறிக்கு வெளிச்சம் வேண்டி மேல்மாடியில் அகன்ற யன்னல் வைத்த வீடுகள் சில இன்னமும் அங்கே நிற்கின்றன.

பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்க, பிரெஞ்சுத் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. 1819இல் இக்கட்டடம் மெதடிஸ்த தேவாலயமானது. 1881இன் பின் ரஷ்யப் பேரரசின் வன்செயல்களுக்குத் தப்பி வந்து, இப்பகுதியில் தையல் வேலை செய்த யூதர்கள் 1898இல் அதைத் தமது தொழுகைக்கூடமாக்கினார்கள். வசதி வந்ததும் அவர்கள் கோல்டர்ஸ் கிறீன் போன்ற இடங்களுக்குப் போனார்கள். 1976இல் அது வங்காளிகளின் பள்ளிவாசலாகியது. அவர்களில் பெரும்பாலானோர் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் இலகுவாக இடம் கிடைக்கவில்லை. 1978 மே 4இல் அல்தாப் அலி என்ற இளம் ஆடைத் தொழிலாளி இனவெறியர்களால் கொல்லப்பட்டார். அருகிலுள்ள பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்போது வாடகை ஏறி, வங்காள உணவகங்களும் குறைந்து வருகின்றன.

ஆக, தொழில் ஒரு சமூகத்தை ஒரு தெருவுக்குக் கொண்டுவருகிறது. பிள்ளைகளின் படிப்பும் வசதியும், சில வேளை வாடகையும், அதை வெளியே கொண்டுபோகின்றன. ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் எம்மவர் கடைகள் நிறைந்த தெருக்களுக்கும் இதே நிலை வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரு இருக்கிறது, மொழியும் இருக்கும் என்று நாங்கள் நம்பியிருக்க முடியாது. அதை வீட்டில்தான் காப்பாற்ற வேண்டும்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அந்தப் பிரெஞ்சு ஆட்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?"

"எங்கேயும் போகவில்லை, இங்கேயே ஆங்கிலேயர் ஆகிவிட்டார்கள்" என்றேன்.

அவள் கேட்டது ஆங்கிலத்தில். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.