சணல் இறுகினால்தான் சத்தம்

தூண்டில் கம்புக்குப் பட்டு நூல் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் மேல்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். சீனத்து மூங்கிலை ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டி, நரம்பு ஓடும் வளையங்களைப் பட்டு நூலால் கட்டி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். வார்னிஷ் ஊறியதும் பட்டு நிறமிழந்து, அடியிலுள்ள மூங்கிலின் ரேகை தெரியும். அந்த அழகுக்காகவே நைலானைத் தொடாதவர்கள் உண்டு. தீபாவளி இதழுக்கு 'கைவேலையும் நூலும்' என்று தலைப்புக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பட்டு போதும். எனக்குப் பட்டாசு சுற்றும் தாயில்பட்டிச் சணலை விட்டுவிட்டு நூலைப் பற்றிப் பேச வரவில்லை.

அணுகுண்டு வெடியை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது ஒரு சின்னக் காகிதப் பெட்டியும் அதில் கொஞ்சம் மருந்தும்தான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. அந்த மருந்தைத் திறந்த தரையில் கொட்டிப் பற்றவைத்தால் பளீரென்று எரிந்து அடங்கிவிடும். அதை 'டமார்' ஆக்குவது மேலே சுற்றிய சணல். குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சுற்றிப் பசை பூசிக் காயவைத்தால் ஓடுபோல இறுகிவிடும். உள்ளே பிறக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஒரே நொடியில் ஓட்டைக் கிழிக்கும். சுற்று தளர்ந்திருந்தால் பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டு 'புஸ்'. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999 முதல் விதி. அந்தச் சத்தத்தில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, சுற்றுகிற கைக்கும் அவ்வளவு பங்கு.

ஏன் சணல்? சொரசொரப்பான நார், பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் நீளாது. விலையும் குறைவு. நைலான் வழுக்கும், பசை ஒட்டாது, சூட்டில் உருகும். போதாததற்கு உரசினால் மின்னேற்றம் பிடிக்கும். மருந்து அறைக்குள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும், பாலியெஸ்டர் ஆகாது என்று சொல்வதும் இதே பயத்தால்தான். சேலைக்கு ஆகாதது நூலுக்கு மட்டும் எப்படி ஆகும்?

திரியின் கதை வேறு. அதற்குப் பருத்தி நூல்தான். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் கலந்த கூழை உறிஞ்சிக்கொள்ள பருத்தியால் முடியும், செயற்கை இழையால் முடியாது. நூல் ஒரே சீராக முறுக்கியிருக்க வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் கூழும் அப்படியே ஏறும். நெருப்பு ஓரிடத்தில் ஓடி ஓரிடத்தில் நிற்கும். அணைந்துவிட்டதாக நினைத்துக் குனிந்து பார்க்கிற பிள்ளையின் கண்ணுக்கு அந்த மெலிந்த இழைதான் எமன். பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன, நல்ல நூலுக்குப் பஞ்சமில்லை. மலிவு நூல் தேடுகிற மனசுக்குத்தான் மருந்தில்லை.

என் கவலை நூலின் தரத்தோடு நிற்கவில்லை. அந்த நூல் எந்த வீட்டுத் திண்ணைக்குப் போகிறது என்பதுதான் கவலை. பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், எத்தனையோ வேலை இருந்தாலும், நூல் வேலை பார்வைக்குப் பூக்கட்டுவது போல இருக்கும். உட்கார்ந்து செய்யலாம், பேசிக்கொண்டே செய்யலாம். எண்ணிக்கைக் கூலி வேறு. அதனால்தான் வாசலைத் தாண்டி வீட்டுக்கு முதலில் போவது இந்த வேலை. வெறும் காகிதக் குழாய் சுற்றுவதானால் பாதகமில்லை, வீட்டில் வைத்துச் சுற்றட்டும். ஆனால் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுவது மருந்து உள்ளே போன பிறகு. மருந்துக் கூழ் ஏறிய கருந்திரியோ, நூலே மருந்தானது. வீட்டுக்குள் கருந்திரி பிடிபட்டதாகச் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துச் செய்திகள் வராத வருஷம் உண்டா? 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் பட்டாசு செய்தபோது வெடித்து, குழந்தை உட்பட உயிர்கள் போயின.

இதோடு 2018-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. நகரத்துக் காற்றுக்காக வந்த தீர்ப்பு. தில்லிக்காரரின் நுரையீரலும் நுரையீரல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சரம் பின்னுவது இங்கே பெண்களின் வேலை. ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலில் சேர்த்துப் பின்னிக்கொண்டே போகும் விரல் வேகம் வருஷக்கணக்கில் பழகி வருவது. சரத்தை நிறுத்தச் சொன்ன நாளில், அந்த விரல்களுக்கு வேறென்ன வேலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பழகிய கைக்குக் கூலி கொடுக்க ஒருவன் சாக்கில் நூலோடு வாசலில் வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை வீட்டில் அரிசி இருக்கிறது?

வெடியுப்புக்கும் அலுமினியப் பொடிக்கும் கணக்கு வைக்கலாம். நூலுக்குக் கணக்கு வைக்க முடியாது. தையல் கடையிலும் கிடைக்கும், பூக்கடையிலும் கிடைக்கும். ஆகவே சோதனையை மட்டும் கூட்டினால் திரி அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவே. செய்ய வேண்டியது, சுற்றுகிறவருக்கும் பின்னுகிறவருக்கும் எண்ணிக்கைக் கூலியை விட்டு நாள் கூலி கொடுப்பது. எண்ணிக்கை போனால் அவசரம் போகும். நாள் கூலி என்றால் ஆளை ஆபீஸுக்குள் உட்கார வைத்துத்தானே ஆக வேண்டும், சாக்கை வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்? பெட்டிக்கு விலை கூடும் என்பார்கள். கூடட்டும். நூறு ரூபாய் வெடியைக் காசைக் கரியாக்கத்தான் வாங்குகிறோம், இன்னும் பத்து ரூபாய் சேர்த்துக் கரியாக்கினால் குடி முழுகாது.