விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையின் விளையாட்டு: முடிவெடுப்பது யார்?

'ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பிள்ளை தந்தையுடன் இருக்கலாம்.' குடும்ப நல நீதிமன்ற உத்தரவுகளில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம். மாவட்ட அளவிலான பாட்மின்டன் போட்டியும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். பன்னிரண்டு வயதுப் பெண் அன்று எங்கே இருக்க வேண்டும்? வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள், அதிலும் போட்டியா என்று அப்பாவுக்கு ஆதங்கம். அனுப்பாவிட்டால் உத்தரவை மீறியதாக மனு போட்டுவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். இருவரில் யாரிடம் என்ன சொன்னால் சண்டை வராது என்ற கவலையோடு அந்தப் பெண் ஆடுகளத்தில் இறங்குகிறாள்.

பள்ளிக்கு நேரம் மாறாது. அதை வைத்து வாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். விளையாட்டு அப்படியில்லை. விடியற்காலைப் பயிற்சி, திடீரென அறிவிக்கப்படும் தேர்வு, வெளியூர்ப் பயணம், காயம், செலவு என்று ஒவ்வொன்றும் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பேச்சே நின்றுபோன இருவருக்கு அது பெரிய பாரம். மைதான நேரம் அம்மாவின் பங்கும் அல்ல, அப்பாவின் பங்கும் அல்ல, அது பிள்ளையுடையது. இதை ஏற்றுக்கொண்டு, அதற்கான விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான சண்டைகளைத் தவிர்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதற்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் வார்டுகள் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் உண்டு. பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது அதன் 13ஆவது பிரிவு. விளையாட்டுக்கென்று இவற்றில் தனிப் பிரிவு கிடையாது. ஆனால் நலன் என்ற சொல்லுக்குள் பிள்ளையின் திறமையும் உடல்நலமும் அடங்கும் என்று வாதிட இடம் உண்டு.

1973ல், சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பராமரிப்பு உத்தரவுகள் என்றைக்கும் மாறாதவை அல்ல, பிள்ளையின் நலனுக்கேற்ப மாற்றலாம் என்பதும் அதே தீர்ப்பில் தெளிவானது. ஏழு வயதில் போட்ட ஏற்பாடு, மாநில அணிக்கு ஆடும் பதினான்கு வயதுக்குப் பொருந்தவில்லை என்றால் திருத்தம் கேட்டு மனு செய்யலாம். தாய், தந்தை இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் வலியுறுத்தியது.

கூட்டுப் பராமரிப்பைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்கான சட்டத் திருத்தம் இன்னும் வரவில்லை. ஆனாலும் பரஸ்பர சம்மதத்தில் பிரிபவர்கள் தங்களுக்குள் நிபந்தனைகளைப் பேசி, நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளத் தடையில்லை. 2005 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இயங்கும் சமரசத் தீர்வு மையம் போன்ற இடங்களில் இதைப் பேசி முடிக்கலாம்.

என்ன எழுதிக்கொள்ளலாம்?

ஒப்பந்தத்தில் 'பிள்ளையின் விளையாட்டுக்கு இருவரும் ஒத்துழைப்பார்கள்' என்று மட்டும் எழுதினால் அது எதற்கும் உதவாது. மாதிரிக்கு ஒன்று:

'பயிற்சியோ போட்டியோ யாருடைய நேரத்தில் வந்தாலும், அப்போது பிள்ளையை வைத்திருப்பவர் அழைத்துச் செல்வார். மற்றவர் பார்வையாளராக வரலாம். போட்டியால் சந்திப்பு நேரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் குறைந்தால், அடுத்த இரண்டு வாரத்துக்குள் அது ஈடு செய்யப்படும்.'

மூன்று வரிகள்தான். பிள்ளை போட்டிக்குப் போவது உறுதியாகிறது, அப்பாவின் நேரமும் பறிபோவதில்லை. முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதில் பதில் இருக்கிறது.

பயிற்சியாளரை மாற்றுவது, விளையாட்டையே விடுவது, ஊர் மாறுவது ஆகியவற்றை யார் முடிவு செய்வது என்பதையும் எழுத வேண்டும். பெற்றோர் இருவரும் வேறு வேறு மாவட்டங்களில் இருந்தால், பிள்ளை எந்த மாவட்டத்துக்கு ஆடப் போகிறது என்ற கேள்வி வரும். பதிவுக்குக் கேட்கும் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியின் போனஃபைட் சான்று, இதுவரை வாங்கிய விளையாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் அசல் ஒருவரிடமும் ஸ்கேன் செய்த பிரதி மற்றவரிடமும் இருக்கட்டும். கடைசி நாளில் ஒரு காகிதத்துக்காகப் பிள்ளையின் பெயர் விடுபட்டுப்போகக் கூடாது.

விளையாட்டு விடுதி இன்னொரு பெரிய முடிவு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7ஆம் வகுப்பிலேயே சேரலாம். பிள்ளை விடுதிக்குப் போனபின் வாராந்திரச் சந்திப்பு உத்தரவுக்குப் பொருளில்லை. விடுதியில் பார்க்கப் போவது, பண்டிகை விடுமுறை, ஆண்டு விடுமுறை என்று ஏற்பாட்டைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

பணம்

பராமரிப்புத் தொகை பற்றி 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான வழிகாட்டுதல்களைத் தந்தது. பிள்ளைக்கான தொகையை முடிவு செய்யும்போது உணவு, உடை, மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு கூடுதல் பயிற்சி வகுப்புகளின் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும், ஆடம்பரமாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கல்விச் செலவை வழக்கமாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்றும் சொன்னது. அகாடமி கட்டணம் கேட்டு வாதாட இது வலுவான பிடி.

விளையாட்டுச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். மாதாமாதம் வரும் கட்டணம் முதல் வகை. வளரும் காலுக்கு வாங்கும் ஷூ, ரேக்கெட், அதன் நரம்பு மாற்றுவது போன்றவை இரண்டாவது. தேர்வானதும் திடீரென வரும் நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் அறை, பிசியோதெரபி ஆகியவை மூன்றாவது. சண்டை வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான். எவ்வளவு தொகைக்கு மேல் போனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், ரசீதை எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும்.

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் 1.20 லட்சம், மாதம் 10,000 ரூபாய் வீதம், கைச்செலவுக்கு. அது பிள்ளை உழைத்துப் பெற்றது. அதைக் காரணம் காட்டி யாரும் தன் பங்கைக் குறைக்கக் கூடாது என்று எழுதிக்கொள்வது நல்லது.

உடம்பு ஒன்றுதான்

இரண்டு வீட்டிலும் தனித்தனிப் பயிற்சி நடந்தால் மொத்தச் சுமை யாருக்கும் தெரியாது. வாரநாளில் அம்மா ஊரில் அகாடமி, சனி ஞாயிறில் அப்பா ஏற்பாடு செய்த தனிப்பயிற்சி என்றால் பிள்ளைக்கு ஓய்வு நாளே கிடையாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாவது அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினோரு மணிக்குப் பேருந்தில் ஏற்றி விடியலில் இன்னொரு ஊரில் இறக்கிவிடும் ஏற்பாடு பிள்ளையின் முழங்காலையும் மனதையும் சேர்த்தே வாட்டும்.

காயத்தை மறைக்கக் கூடாது. தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ இருந்த பிள்ளை அன்று மீண்டும் களத்தில் இறங்கக் கூடாது. அடுத்த ஓரிரு நாள் கண்காணிப்பும் வேண்டும். அந்த ஓரிரு நாள் அடுத்த வீட்டில் கழியுமானால் அங்கே விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துக்கும் இது பொருந்தும். 2019ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. கடையில் வாங்கிய இருமல் மருந்தில் இருந்த, விளையாட்டில் தடைசெய்யப்பட்ட டெர்பியூட்டலின் காரணம். அப்போது அவருக்கு வயது 19. ஒரு வீட்டில் கொடுத்த மருந்து தெரியாமல் இன்னொரு வீட்டிலிருந்து போட்டிக்குப் போகும் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. கிட் பையில் ஒரு சிறு நோட்டை வைத்து, தேதி, மருந்து, அளவு, வலி இருக்கும் இடம் ஆகியவற்றை இருவரும் எழுதி வந்தால், பேசிக்கொள்ளாமலே தகவல் போய்ச் சேரும்.

வெளிநாட்டுப் போட்டி

மைனருக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பெற்றோர் இருவரும் சம்மதித்தால் இணைப்பு 'டி' உறுதிமொழி. ஒருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் இணைப்பு 'சி'. இரண்டாவது வழியில் விளக்கங்களும் நீதிமன்ற ஆவணங்களும் தேவைப்படலாம், நாளும் ஆகலாம். பிள்ளை மாநில அளவில் ஆடத் தொடங்கியதுமே, எந்த அழைப்பும் வருமுன், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

போட்டி நாளில்

தோற்றுவிட்டு வெளியே வரும் பிள்ளையின் கண் முதலில் கேலரியைத் தேடும். ஒரு மூலையில் அம்மா, எதிர் மூலையில் அப்பா. யாரிடம் முதலில் போவது என்ற கணக்கில், அழ வேண்டிய அழுகையைக்கூட விழுங்கிவிடும். முதலில் யார் போவது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டிப் பேசிவைக்கலாம். இந்த முறை ஒருவர், அடுத்த முறை மற்றவர். பணப் பாக்கி, வக்கீல் நோட்டீஸ், புதுத் துணை பற்றிய பேச்சு எதுவும் மைதான வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பயிற்சியாளரைத் தூதுவராக்காதீர்கள், நீதிமன்றச் சாட்சியாக்காதீர்கள். அவர் அனுப்பும் செய்தி இருவருக்கும் ஒரே நேரத்தில் போகட்டும்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேவுக்குப் பத்து வயதளவில் பெற்றோர் பிரிந்தார்கள். ஆண்டியும் அண்ணன் ஜேமியும் தந்தையுடன் வசித்தார்கள். டென்னிஸ் வழிகாட்டியாகத் தாய் ஜூடி தொடர்ந்தார். பதினைந்து வயதில் பார்சிலோனா அகாடமிக்குப் போனபோது ஒன்றரை ஆண்டுச் செலவுக்கான 40,000 பவுண்டை இருவரும் திரட்டினார்கள். பின்னாளில் ஆண்டி இரண்டு முறை விம்பிள்டனும் இரண்டு ஒலிம்பிக் ஒற்றையர் தங்கமும் வென்றார். அண்ணன் ஜேமி இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் பெற்றோர் பிரிந்த காலத்தில் மனப்பதற்றத்தால் களத்தில் மூச்சுவிடவே சிரமப்பட்டதை ஆண்டி 2019ல் வெளிவந்த ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். அவர் படித்த டன்பிளேன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு, பெற்றோரின் பிரிவு, அண்ணன் பயிற்சிக்காக வீட்டைவிட்டுப் போனது ஆகியவை அடுத்தடுத்து நடந்தன. டென்னிஸ் அவருக்கு அவற்றிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது. வீடு உடையும் பிள்ளைக்கு மைதானம் இப்படி ஒரு புகலிடமாக இருக்கலாம். அதையும் சண்டைக்களமாக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக வேறு இடமில்லை.

இந்த யோசனைகள் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. வன்முறை நடந்த வீட்டில் பாதுகாப்புதான் முதலில். தீங்கு நேரும் என்று கருதினால் சந்திப்பையே மறுக்கும் அதிகாரத்தை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குத் தருகிறது. அங்கே போட்டி அட்டவணையைப் பகிர்வதுகூட வழக்கறிஞரைக் கேட்டுச் செய்ய வேண்டியது.

பிள்ளையையும் கேளுங்கள். அறிவோடு விருப்பம் சொல்லும் வயதில் உள்ள மைனரின் கருத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. நீதிபதி கேட்கக்கூடிய கேள்வியைப் பெற்றோர் கேட்கத் தயங்க வேண்டியதில்லை: உனக்கு இந்த விளையாட்டு இன்னும் பிடித்திருக்கிறதா? பதில் 'இல்லை' என்றால் அதுவும் மதிக்கப்பட வேண்டிய பதில்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால், அடுத்த சமரச அமர்வுக்குப் பயிற்சி நேர அட்டவணை, இந்த ஆண்டுப் போட்டிகளின் பட்டியல், போன ஆண்டுச் செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் எடுத்துப் போங்கள். கணவன் மனைவி உறவு முடிந்திருக்கலாம்; அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் பொறுப்பு இருவருக்கும் முடியவில்லை.