குரோஷாப் பின்னலும் கண்காட்சிக் கடையும்

கைவினைக் கண்காட்சியில் கடை கிடைத்துவிட்டது என்றதும், குரோஷாப் பின்னும் பெண்மணிக்கு முதலில் நினைவுக்கு வருவது தம்மிடமுள்ள பெரிய மேஜை விரிப்புத்தான். பல மாதங்கள் கண்ணையும் விரலையும் வருத்திச் செய்த பொருள் அது. வீட்டுக்கு வந்தவர் யாவரும் புகழ்ந்ததும் அதனையே. கண்காட்சியிலும் யாவரும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், பிறகு மெல்ல மடித்து வைத்துவிடுவார்கள். போகும்போது, தம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு வட்ட விரிப்புகளில் ஆறு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அவர்களே. எதைப் பின்ன ஆசைப்படுகிறோம் என்பது ஒன்று. எதை விற்பனைக்கு எடுத்துச் செல்வது என்பது மற்றொன்று. இதில் அழகுணர்ச்சி மாத்திரமன்றிப் பின்னுகிறவருடைய கூலியும் அடங்கியிருப்பதால், விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

குரோஷா என்பது நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் நூலை வளைத்து இழுத்துப் பின்னும் வேலை. கம்பளிச் சட்டை பின்னும் இரட்டை ஊசி வேலையில் நூற்றுக்கணக்கான கண்கள் ஊசியில் ஏறி நிற்கும். குரோஷாவிலோ ஒரு தையல் முடிந்து மறு தையல் தொடங்குமுன் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண். அதிலிருந்துதான் அடுத்தது பிறக்க வேண்டும். திரும்பின திசையெல்லாம் சென்று, முன்பு போட்ட எந்தக் கண்ணிலும் நுழைந்து வருகிற இந்தச் சுதந்திரம் இயந்திரத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. மலிவான கடைகளில் குரோஷா என்ற பெயரில் தொங்குவது பெரும்பாலும் வேறு வகைப் பின்னல் இயந்திரத்தில் வந்த போலியே. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தால் கைப்பின்னல் கண் கண்ணாகப் பிரிந்து வரும். பல நூல்கள் கோத்த இயந்திரப் பின்னல் அவ்வாறு ஒற்றை நூலாகப் பிரியாது. ஆகவே குரோஷாப் பொருளின் விலையில் நூலின் பங்கு சொற்பம். பெரும்பங்கு ஒருவருடைய வாழ்நாளின் மணிக்கணக்கு.

இந்த மணிக்கணக்கை மறந்துவிடும் வழக்கம் பழமையானது. 1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது, பட்டினியைத் தாங்க அந்நாட்டுப் பெண்கள் கைக்கொண்ட தொழில்களுள் குரோஷா லேஸ் முக்கியமானது. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்களின் வழியாக லேஸ் வேலை பரவிற்று. (நாகர்கோவிலில் மிஷன் பெண்மணிகள் கற்பித்த லேஸ் வேறு இனம், அது தலையணையில் ஊசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது.) நரசாபுரத்தில் வியாபாரி நூலைக் கொடுப்பார், பெண்கள் தத்தம் வீட்டில் பூவும் கொடியுமாகத் துண்டுகளைப் பின்னுவார்கள், வேறு பெண்கள் அவற்றை இணைப்பார்கள், முடிந்த சரக்கு கடல் கடந்து போகும். இந்தத் தொழிலை நேரில் ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த இப்பெண்கள் தொழிலாளர் எனக் கருதப்படவில்லை, வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள் பொழுதுபோக்காகச் செய்வது என்றே எண்ணப்பட்டது, கூலியும் அதற்கேற்ப அற்பமாயிருந்தது என்பது அந்நூலின் சாரம். 2024ஆம் ஆண்டில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காப்பு வந்தது நன்மையே. ஆனால் 'ஓய்வு நேரத் தொழில்' என்ற சொற்றொடர் மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை. மொழிபெயர்ப்புக்கு வரும் காகிதங்களில் அதைக் காணும்போதெல்லாம், அடுப்படி வேலையும் பிள்ளை வேலையும் முடிந்தபின் எஞ்சுகிற நேரத்துக்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் யாரோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

கண்காட்சிக் கடையின் விசேஷம் யாதெனில், அங்கே இடையில் வியாபாரி இல்லை. விலையைச் சொல்பவர் பின்னியவரே. அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வசதி பயன்படும். ஓர் உதாரணம் பார்ப்போம். மணிக்கு 50 ரூபாய் என்று தம் உழைப்பை ஒருவர் மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய நூலில் ஒரு மேஜை விரிப்புக்கு 120 மணி நேரமும் 500 ரூபாய் நூலும் செலவானால், அதன் நியாய விலை 6,500 ரூபாய். கண்காட்சியில் பேரம் பேசி 3,500 ரூபாய்க்கு வாங்கிப் போகிறார் ஒருவர். நூல் செலவு போக 3,000 ரூபாய். மணிக்கு 25 ரூபாய்தான் தேறிற்று. அரை மணியில் முடிகிற தம்ளர் விரிப்போ, 5 ரூபாய் நூலில், 60 ரூபாய்க்குத் தயக்கமின்றிப் போகிறது. மணிக்கு 110 ரூபாய்! கையில் பெரிய நோட்டு வந்ததால் விரிப்பு லாபம் என்று தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. பொருளின் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒரு மணி நேரம் என்ன ஈட்டுகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

கண்காட்சிக்கு முன் மூன்று மாத அவகாசம், நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால், கைவசமுள்ள மூலதனம் 360 மணி நேரம். ஒரே விரிப்பு அதில் மூன்றிலொரு பங்கை விழுங்கிவிடும். மீதியுள்ள 240 மணியில் 100 மணியைச் சிறு விரிப்புகளுக்கு ஒதுக்கினால் 200 உருப்படிகள். எஞ்சிய 140 மணியில், நான்கு மணிக்கு ஒன்று வீதம் 35 குழந்தைக் குல்லாய்கள். கடைப்பலகை நிறைய இதுவே போதும்.

இனி எப்பொருள்கள் என்பது. கழுத்துப்பட்டை, தோள் போர்வை, தலையணை உறையின் ஓரத்துக்கும் ரவிக்கையின் கைக்கும் வைத்துத் தைக்கும் லேஸ், வாசல் தோரணம் இவை அளவுத் தொல்லை இல்லாதவை. ஓர லேஸை மீட்டர் கணக்கில் வெட்டி விற்கலாம் என்பதால் மிச்சமும் வீணாகாது. சட்டையோ ரவிக்கையோ முழுதாகப் பின்னிச் சென்றால், பிடித்தவருக்குப் பொருந்தாது, பொருந்தியவருக்குப் பிடிக்காது. குழந்தைக்கான காலுறையும் குல்லாயும் எங்கும் போகும்; பரிசு கொடுக்க வேண்டியவர்கள் எப்போதும் இருக்கிறார்கள் அல்லவா? ஆனால் அவற்றில் மணியும் பொத்தானும் தைக்கலாகாது. குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ஜப்பானிலிருந்து வந்து பரவியுள்ள சிறு குரோஷாப் பொம்மைகளுக்கு இப்போது மிகுந்த கிராக்கி. இவற்றில் கண்ணையும் பஞ்சையும் உறுதியாக அடைக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே லாபமா என்று சொல்ல முடியும்.

வழக்கொழிந்தவையும் உண்டு. ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் குரோஷா விரிப்பும் அதன்மேல் ஒரு பொம்மையும் இல்லாத வீடு அரிது. பெட்டி மெலிந்து சுவரில் ஏறிவிட்டது. விரிப்பைப் போட இடமில்லை. தொலைபேசி உறைக்கும் இதே கதி. அம்மாவிடம் கற்றதை அப்படியே செய்து கொண்டுவருகிற பெண்கள் இவற்றை இன்னும் அடுக்கி வைத்திருப்பதைக் காண வருத்தமாயிருக்கிறது. அந்த அன்னாசிப் பூ வேலைப்பாட்டில் குறையொன்றுமில்லை. அதே பூவைக் கைப்பையின் மீதோ சன்னல் திரையின் ஓரத்திலோ வைத்தால் வாங்குவார்கள்.

இடத்தையும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். தில்லியில் 1994இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் முறைவைத்துக் கடை தரும் வழக்கம் உண்டு. ஹரியாணாவின் சூரஜ்குண்டில் 1987 முதல் நடைபெற்றுவரும் மேளா பிப்ரவரியில் கூடுவது. தெற்கே பருத்தி நூலிலேயே பழகியவர், தில்லிக் குளிரில் கம்பளிக் குல்லாயும் சால்வையுமே முதலில் தீர்ந்துபோவதைக் கண்டு வியப்பார். வெளியூரிலிருந்து வந்தவர் ரயிலில் எடுத்துப்போகக்கூடிய, மடித்தாலும் கெடாத பொருளையே விரும்புவார். வாங்குபவருக்கு மட்டுமா? ரயில் ஏறிவரும் விற்பவருக்கும் மூட்டையின் கனம் உண்டு.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. எண் கூடக் கூட நூல் மெலியும். 40ஆம் எண் நூலில் பின்னியது கண்ணுக்கு அருமையாயிருக்கும், ஆனால் அதே அளவை எட்ட 20ஆம் எண் நூலைவிட மிகுந்த கண்கள் போட வேண்டும். சிறு பொருள்களுக்குத் தடித்த நூலே தக்கது. சிவப்பும் கருநீலமும் சாயம் போகிறதா என்று ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்த பின்பே அவற்றை வெள்ளையோடு சேர்க்கலாம். வெள்ளையை விரும்பாதார் இல்லை. எனினும் மைதானத் தூசியிலும் நூறு பேர் கையிலும் மூன்றாம் நாளே மங்கிவிடும். மாதிரிக்கு ஒன்றை மட்டும் வெளியில் வைத்து, மற்றவற்றைக் கண்ணாடிக் காகிதப் பையில் வைப்பது நல்லது.

அப்படியானால் பெரிய விரிப்பை வீட்டிலேயே விட்டுவிடுவதா? வேண்டாம், ஒன்று மட்டும் கொண்டு போகலாம். பின்சுவரில் உயரத் தொங்கும் அதைக் கண்டுதான் நடந்துபோகிறவர் நிற்கிறார். ஆனால் கடைசி நாள் மாலையில், 'மூட்டை கட்டும் நேரமாயிற்றே, பாதி விலைக்குத் தாருங்கள்' என்று கேட்பவருக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது. இந்த ஆண்டு விற்காத விரிப்பு அடுத்த ஆண்டும் கடையை அலங்கரிக்கும்; மூன்று நான்கு கண்காட்சிகளுக்குள் அதன் அருமை அறிந்த ஒருவர் வருவார். பக்கத்துக் கடையில் இயந்திர லேஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பவரிடம் வாதிப்பதைவிட, கடையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருப்பதே சிறந்த மறுமொழி. ஒரு வட்டம் எவ்வளவு நேரத்தில் வளருகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் விலையைக் குறைக்கச் சொல்லத் தயங்குகிறார்.

ஒவ்வொரு பொருளிலும் அதற்குச் சென்ற மணி நேரத்தை ஒரு சிறு சீட்டில் எழ்தி உட்புறம் கட்டி வைத்தால், விற்கும்போது சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, எது எவ்வளவு ஈட்டிற்று என்று இரவில் கூட்டிப் பார்க்கலாம். விற்காமல் திரும்புகிற சரக்கைக் கஞ்சி போக அலசி, நன்றாக உலர்த்தியே பெட்டியில் வைக்க வேண்டும். கஞ்சியோடு மடித்தால் பூச்சி அரித்துவிடும். அடுத்த கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னதாக மறுபடி கஞ்சி தோய்த்து, பலகையில் குண்டூசிகளால் இழுத்துக் குத்திக் காயவைத்தால், விரிப்பு புதிதாய்ப் பின்னியது போலவே விறைத்து நிற்கும்.