வீட்டுக்குள் ஒரு ஆடிட்டர்!

டைல்ஸ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். டி.பி. பாக்ஸ் என்றால் மட்டும், 'நீங்களே பார்த்துப் போட்டுடுங்க' என்று எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறோம். உயிர் விஷயம் சார் அது!

நான் பி.காம். ஓம் விதி எனக்குப் பாகற்காய். ஆனாலும் இந்தப் பெட்டி புரிந்துவிட்டது. உள்ளே நடப்பது முழுக்கக் கணக்கு வழக்குதான்.

வரிசையாக நிற்கும் சின்ன ஸ்விட்சுகள் எம்.சி.பி. 1924-ல் ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் கம்பெனி காப்புரிமை வாங்கிய சரக்கு. இதன் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. லைட், ஃபேனுக்கு வழக்கமாக 1.5 சதுர மி.மீ. ஒயர், 6 அல்லது 10 ஆம்பியர். பவர் பிளக்குக்கு 2.5 ஒயர், 16 ஆம்பியர். ஏ.சி., கீஸருக்குத் தனித்தனி லைன்.

'அடிக்கடி விழுதா? 32 போட்டுடலாம் சார்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அப்புறம் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் ஒயர்தான் உருகும். வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த கதை!

சரி, நமக்கு ஷாக் அடித்தால்? ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியரே போதும். எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

அதற்குத்தான் ஆடிட்டர்: ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் டேலி ஆகிறதா என்று பார்ப்பதே இவர் உத்தியோகம். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், யார் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று சந்தேகப்பட்டு 0.3 விநாடிக்குள் லைனை வெட்டிவிடுவார். ஓவர்லோடு இவர் டிபார்ட்மென்ட் இல்லை. ஆக, இரண்டும் வேண்டும்.

மெயின் ஸ்விட்ச், அடுத்து ஆர்.சி.சி.பி., அதன் பின் எம்.சி.பி.கள். இதுதான் வரிசை. எங்கள் வீட்டில் கிச்சன், பாத்ரூம் பவர் லைன்களுக்கு ஒன்று, லைட், ஃபேனுக்கு ஒன்று என இரண்டு ஆடிட்டர்கள். கீஸர் கசிந்த அன்று மிக்ஸிதான் நின்றது. ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டே இருந்தது!

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் நியூட்ரல் தனியாக இருக்கவேண்டும். கலந்துவிட்டால் கணக்கு இடிக்கும், சும்மா சும்மா விழும். கடுப்பில் பைபாஸ் பண்ணிவிடுவார்கள். அப்புறம் ஆடிட்டர் வெறும் பொம்மை.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். இன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டு (சீரியல் நேரம் வேண்டாம்) அழுத்திப் பாருங்கள். 'டப்'பென்று விழுந்தால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். விழவில்லையா? முதலில் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள்!