மயில்துத்தமும் சுண்ணாம்பும்

மயில்துத்தம் குடியானவர்களுக்குப் புதிய சரக்கன்று. துருசு என்றும் வழங்கும் இது, செம்பும் கந்தகத் திராவகமும் சேர்ந்து உண்டாகும் உப்பு. இதில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு செம்பாகும். இதன் நீல நிறம் படிகத்தினுள் அடங்கிய நீரினால் உண்டாவது. வறுத்தால் நீர் நீங்கி வெண்பொடியாகும். ஈரம் பட்டால் மீண்டும் நீலமாகும்.

பயிர் நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் ஆற்றல் இதற்கு உண்டெனினும், தனியே கரைத்துத் தெளித்தால் இலைகள் கருகிவிடும். அக்குற்றத்தை நீக்குவது சுண்ணாம்பு. பிரான்ஸ் தேசத்தில், போர்டோ நகரை அடுத்த மெதோக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டு, சாலையோரக் கொடிகளில் இவ்விரண்டையும் கலந்து தெளிப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. அக்கொடிகள் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பி நிற்பதை 1882-ம் ஆண்டில் மில்லார்தே என்னும் அறிஞர் கண்டார். ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை எனப் பெயர் பெற்றது.

நூறு லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட கற்சுண்ணாம்பு 1 கிலோ வேண்டும். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் நீரின் மேற்பாகத்தில் அமிழும்படி முன்னிரவே தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். மட்பாண்டம், மரத்தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி ஆகியவற்றையே கொள்க. இரும்புப் பாத்திரம் ஆகாது. செம்பு இரும்பின்மேல் படிந்து, கரைசல் வலிவிழக்கும், பாத்திரமும் அரிக்கப்படும்.

சுண்ணாம்பு புதிதாகச் சுட்ட கல்லாக இருத்தல் வேண்டும். காற்றில் தானே நீறிப் பொடியானது வலிவு குறைந்தது. சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றி, 50 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுக. நீறும்போது கொதித்துத் தெறிக்குமாதலின், முகத்தை அருகில் கொண்டு செல்லலாகாது. பின்னர் இரண்டையும் மூன்றாவது தொட்டியில் ஒருங்கே ஊற்றி, மரக்கோலால் கலக்கினால் வான்நீல நிறமான கலவை கிடைக்கும்.

தெளிக்குமுன் சோதித்தல் இன்றியமையாதது. துருவற்ற கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் வைத்து எடுக்க. அதன்மேல் செந்நிறம் படிந்திருந்தால் தனிச் செம்பு எஞ்சியுள்ளது என்பது பொருள். செந்நிறம் படியாத வரையில் சுண்ணாம்புப் பாலைச் சேர்த்துக்கொண்டே வருக. இச்சிறு சோதனையை விட்டவர்கள் நோய்க்கு மருந்திடுவதாக எண்ணித் தம் பயிரைத் தாமே கருக்க நேரும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாள் அது இலையில் நன்கு ஒட்டாது.

இக்கலவை நோயைத் தடுக்குமேயன்றி, முற்றிய நோயைத் தீர்க்காது. ஆகவே கமுகில் மகாளி நோய்க்குத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தெளித்து, நாற்பது நாற்பத்தைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிப்பர். தென்னையின் குருத்தழுகலுக்கு, அழுகிய பாகத்தை வெட்டி நீக்கி, இவ்விரு சரக்குகளையும் வகைக்கு 1 கிலோவாக 10 லிட்டர் நீரில் குழைத்த போர்டோ பசையைப் பூசுவர். தேவையின்றி ஆண்டுதோறும் தெளித்தலும் நன்றன்று. செம்பு மண்ணில் தங்கி மண்புழுக்களுக்குக் கேடு செய்யும்.

மயில்துத்தம் விஷம். கற்கண்டுபோல் தோன்றுவதால் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தல் கடமை. தெளித்த இடத்தில் ஆடுகளை மேயவிடலாகாது. செம்மறியாடுகளைச் செம்பு எளிதில் தாக்கும். தொட்டிகளைக் குளத்தில் கழுவினால் மீன்கள் மடியும். கண்ணில் பட்டால் உடனே நல்ல நீரால் கால் மணி நேரம் கழுவி மருத்துவரிடம் செல்க. எவரேனும் உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், சரக்கின் பொட்டலத்துடன் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பெரிய மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் மழைக்காலத்திற்கு முன் தத்தம் ஊரில் ஒரு தொட்டி கலவை செய்து, கத்திச் சோதனையைப் பலரும் காணச் செய்வார்களாயின், எழுதிப் படிப்பதினும் அது மிகுந்த பயன் தரும்.